தம்பித்துரைக்கு உடைத்த தேங்காய்

குதிரையேறக் கற்றுக்கொள்ளப் போய் நான் வேலியில் தொங்கிய கதையைச் சென்ற வாரம் படித்துவிட்டு, பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "இதைவிட அசட்டுத்தனமாக ஒரு மனிதர் நடந்துகொள்ள முடியுமா?"

முடியும். நானே நடந்துகொண்டிருக்கிறேன். அவருடைய மனத்திருப்திக்காக அதை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் நடந்து முடிந்து இரண்டு வாரமாகிவிட்ட ஒரு கால்பந்தாட்டத்தில் எங்கள் கட்சி ஜெயிக்க வேண்டும் என்று, மடுல்சீமையில் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தவன் நான்.

அப்போது எனக்கு இருபதுகளின் நடுவயது. பதுளையில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தர்க்கம் படித்தவன். கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தில் நின்று கொழும்புக்கு வந்து சேரும் என்பதை ஒப்பிக்கத் தெரிந்தவன். எல்லாம் தெரிந்துதான் உடைத்தேன்.

பூசாரி தட்டை ஏந்திக்கொண்டு கேட்டார்: "அருச்சனை யாரு பேருக்குங்க?"

"தம்பித்துரை பேருக்கு."

"நட்சத்திரம்?"

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனம் முழுவதும் கைகூப்பி நின்றது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஓர் ஆங்கிலக் கிறிஸ்தவ வாலிபருக்கு நான் நட்சத்திரம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"அசுவினி," என்றேன். குதிரை சம்பந்தப்பட்ட நட்சத்திரம்; ஓட்டத்துக்கு உதவுமே என்று ஒரு எண்ணம்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தேங்காயை நம்பி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். துரத்தப்பட்ட அவள் புருஷன், பிள்ளை பிறப்பதற்குள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வருவானா மாட்டானா என்பது அந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தவனும் நானே.

தம்பித்துரை என்பவர் யார்

எந்தத் தோட்டம் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் அங்கே போகும் பாதையைப் பார்த்தால், தெரிந்துகொள்ளும் ஆசையை விட்டுவிடுவார்கள்.

அங்கே நான் ஆபீஸ் கிளாக்கர். தோட்டத்தின் வெள்ளைக்கார மானேஜரான பெரியதுரை மேட்டு பங்களாவில் இருந்தார். அவரை மழைக்காலத்துச் சூரியனைப் போல எப்போதாவது பார்க்கலாம். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டை நடத்துபவர் அவருக்கு அடுத்த அதிகாரியான சின்னத்துரை. அவருடைய முகம் சிவந்திருந்தால் அன்றைக்கு எல்லார் முகமும் கறுக்கும். பிந்தி வந்த பெண்களை அப்படியே லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் படித்த தமிழில் ஏவல் மட்டும்தான் இருந்தது. போ, வா, எடு, வெட்டு. துரைமார்களுக்கென்று தமிழ் கற்பிக்கிற புத்தகத்தில் அதற்கு மேல் பக்கங்கள் இருந்தனவோ என்னவோ, அவர் புரட்டவில்லை.

சொந்த ஊரான இங்கிலாந்தில் இருந்த காலத்தில் அவர் பந்தாட்டக்காரர். ஒரு நாள் வலது முழங்கால் போய்விட்டது. முழங்கால் போனவர்களுக்குத் தேயிலை மலைதான் ஏற்ற இடம் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். இங்கே வந்து, படிக்கட்டே இல்லாத சரிவுகளில் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய தம்பி ஊரிலேயே இருந்தார். புகைக்கூண்டுகள் நிறைந்த ஏதோ ஒரு வடக்கத்தி ஊரின் கிளப்புக்காகப் பந்து ஆடினார். அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. லயத்தில் அவருக்குத் 'தம்பித்துரை' என்று பெயர் வைத்தார்கள். அவர் சம்பளம் வாங்காமல் ஆடுகிற கனவான் என்று நான் விளக்கியபோது, பெரிய கங்காணி ராமசாமிக்கு அது தாங்கவில்லை. நாள் கூலியை எங்கள் பக்கம் 'பேர்' என்பார்கள்.

"அரைப்பேர்கூட இல்லீங்களா?"

"இல்லை."

"மழையில ஓடி, சேத்துல விழுந்து, பேரும் இல்லாம வீட்டுக்குப் போவாரா?"

"ஆமாம்."

"அவருக்கு மேல கங்காணி யாருங்க?" என்று கேட்டார், கூலியில்லாமல் வேலை வாங்குகிற அந்தக் கங்காணியின் சாமர்த்தியத்தை வியந்து.

நான் செய்த கண்டுபிடிப்பு

வாரம் ஒருமுறை சின்னத்துரைக்கு ஊரிலிருந்து ஒரு விளையாட்டுப் பத்திரிகை வரும். கொழும்பிலிருந்து பண்டாரவளை வரை ரயிலில். பிறகு கோச்சு வண்டியில் பதுளை, பசறை. கடைசிப் பகுதி தபால்காரரின் தலையில். மழை பெய்தால் எழுத்துக்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கும். துரை படித்து, தம்பியின் பெயர் வருகிற இடத்தில் நீலப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, என் மேசையில் எறிந்துவிடுவார். நான் அச்சில் எது வந்தாலும் படிக்கிற ஜாதி. மருந்துக் குப்பியின் சீட்டையும் விடமாட்டேன்.

ஒரு நாள் காலைப் பெரட்டில் பிந்தி வந்த பெண்களைச் சின்னத்துரை திருப்பி அனுப்பவில்லை. "போ, கொழுந்து எடு," என்று மலைக்கே அனுப்பினார். போதாக்குறைக்குச் சீட்டி அடித்துக்கொண்டு போனார்.

முதல் நாள் வந்த பத்திரிகையில் தம்பித்துரை அந்தப் பருவத்தின் முதல் கோலைப் போட்டிருந்தார்.

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று ஊகிக்க வேண்டும்: தர்க்கத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. எங்கள் மலைகளில் புகை மாதிரித் தெரிவது பெரும்பாலும் மூடுபனி என்பதை வாத்தியார் சொல்லவில்லை. தம்பி கோல் போட்டால் அண்ணன் முகம் மலரும் என்று நான் ஊகித்தேன். ஊகித்ததோடு நிற்காமல் கங்காணியிடம் சொன்னேன்.

அன்றைய கொழுந்தை எடை போட்டு முடிப்பதற்குள் எல்லா லயத்துக்கும் அது தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தபால் வரும் நாள் மாலையில் ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடத் தொடங்கியது. தேயிலை விலை ஏறினால் ஏறட்டும், இறங்கினால் இறங்கட்டும். தம்பித்துரையின் இடது கால் எப்படி இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

அடுத்தவள் நிரை

நான் அதுவரை ஒரு பந்தாட்டமும் பார்த்தவனல்ல. அதனால் சந்தேகமில்லாமல் விளக்க முடிந்தது. முன்னால் ஓடுகிறவர்கள் கொழுந்து எடுப்பவர்கள் மாதிரி, நடுவில் நிற்பவர்கள் கங்காணிகள், கடைசியில் கோலைக் காப்பவர் ஸ்டோர் காவல்காரர் என்றேன்.

ஒரு விதி மட்டும் எனக்கே விளங்கவில்லை. பந்து வருமுன்பே எதிராளிகளைத் தாண்டிப் போய் நின்றால் குற்றம் என்று எழுதியிருந்தது. அதை இரண்டு முறை தப்பாகச் சொல்லித் திணறினேன். கூட்டத்திலிருந்து ஒரு கிழவி குறுக்கிட்டாள். கொழுந்தெடுக்க அவரவருக்கு ஒதுக்கிய செடி வரிசையை நிரை என்பார்கள்.

"அடுத்தவ நிரையில கை வச்சா கங்காணி கத்துவாருல்ல, அதானே?"

அது அதுவல்ல என்று இப்போது தெரியும். அன்றைக்கு அதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அதன்பிறகு தம்பித்துரை விதியை மீறினார் என்று வாசிக்கும்போதெல்லாம், "அந்த நிரைக்காரி சும்மாவா விட்டா?" என்று ஒரு குரல் வரும்.

அந்த ஒரு கோலுக்குப் பிறகு சில வாரம் தம்பித்துரையின் ஆட்டம் சொல்லும்படி இல்லை. பந்தைப் பெற்றார், இழந்தார், பெற்றார், விழுந்தார். அதைவிட மோசம், பந்தை இழந்ததும் அவர் சிரித்தாராம். காசு கொடுத்துப் பார்க்க வந்த சனம் கூச்சல் போட்டது. 'தோற்கும்போது இளிக்கிறவரை எதற்காகக் களத்தில் விடுகிறார்கள்?' என்று பத்திரிகைக்காரர் கேட்டிருந்தார்.

இதை நான் வாசித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். தூணோரம் கூடையோடு நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிச்சதுக்காகவா திட்டினாங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"வெரட்டிடலையா?"

"இல்லையே. அடுத்த வாரமும் ஆட விட்டிருக்கிறார்கள்."

அவள் தலையாட்டினாள். முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

முனியாண்டி சிரித்த சிரிப்பு

அவள்தான் அங்கம்மா. அவளுடைய புருஷன் முனியாண்டி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரன். இது நடப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பெரட்டுக் களத்தில் சின்னத்துரையின் முழங்கால் மடங்கிவிட்டது. அத்தனை பேர் முன்னிலையிலும் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் ஆபீசுக்குள் இருந்ததால் பார்க்கவில்லை. பார்த்த எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். முனியாண்டி மட்டும் சிரித்துவிட்டான்.

அன்று மத்தியானத்துக்குள் அவன் தோட்டத்து எல்லையைத் தாண்டியாக வேண்டும் என்று உத்தரவாயிற்று. அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த அண்ணனிடம் போய்ச் சேர்ந்தான்.

துரை கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு இல்லாமல் அவள் இங்கிருந்து போக முடியாது. துரை வாய் திறக்காமல் அவன் இங்கே வர முடியாது. நடுவில் இரண்டு நாள் நடை. லயத்தில் காம்பிரா எனும் ஒற்றை அறையில், தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டு அவள் தனியே இருந்தாள்.

"நல்ல நாள் பாத்து தொரைகிட்டக் கேப்போம். நேரங்கெட்ட நேரத்துல கேட்டு, 'இல்லே'ன்னுட்டா அப்புறம் ஆயுசுக்கும் இல்லதான்," என்றார் கங்காணி.

நல்ல நாள் எது என்று சொல்ல வேண்டியவன் நான். பஞ்சாங்கத்துக்குப் பதிலாக என்னிடம் பந்தாட்டப் பத்திரிகை இருந்தது.

அங்கம்மாவுக்கு மாதம் ஏற ஏற, தம்பித்துரையின் ஆட்டமும் ஏறியது. முதலில் 'பரவாயில்லை' என்று எழுதினார்கள். பிறகு 'இடது காலைக் கவனிக்க வேண்டும்' என்றார்கள். திட்டிய அதே பத்திரிகைக்காரர், இப்போது ஒரு சங்கதியைக் கண்டுபிடித்து எழுதினார். இந்த வாலிபருக்குப் பயம் வந்தால் சிரிப்பு வந்துவிடுமாம். கட்சித் தலைவரே சொன்னாராம். அதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம்.

"பயந்தா சிரிப்பாங்களா?" என்று கேட்டார் கங்காணி.

"நரம்புக் கோளாறு," என்றேன். எதைக் கேட்டாலும் எனக்கு ஒரு பதில் இருந்த காலம் அது.

அங்கம்மா அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மீண்டும் தேங்காய்

ஒரு வாரம் பத்திரிகையின் கடைசி வரியில், அடுத்த சனிக்கிழமை ஒரு பெரிய கோப்பை ஆட்டம் என்று போட்டிருந்தது. எதிர்க் கட்சி சிங்கங்கள். அங்கம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. இதற்கு மேல் காத்திருக்க முடியாது. தம்பித்துரை இந்த ஆட்டத்தில் கோல் போட்டே ஆக வேண்டும்.

லுணுகலையில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் வியாபாரியின் கடைக்கு நானே போனேன். "என்ன விசேசம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

"பந்தாட்டத்துக்கென்டா நல்ல உருண்டையாப் பாத்துத் தாறேன்," என்று பொறுக்கித் தந்தார்.

உருண்டைதான். அருமையாக இரண்டாக உடைந்தது. சனம் மூச்சு விட்டது. கற்பூரம் காட்டி முடியும் வரை பொறுத்திருந்த கங்காணி என் காதோரம் குனிந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தத் தாளு கப்பல்ல வர மூணு வாரம் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்."

"அப்ப அந்தச் சனிக்கெழம எப்பவோ முடிஞ்சிருக்குமே?"

அதுவரை அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? வரவில்லை. நான் படித்த வேதாந்தம் முழுவதையும் ஒரு நொடியில் திரட்டினேன். "கடவுளுக்கு முன்பின் என்று காலம் கிடையாது," என்றேன்.

பூசாரி கைகொடுத்தார். "தேங்கா பின்னால வருதுன்னு ஆத்தாளுக்குத் தெரியாதாக்கும்," என்று சொல்லி, ஒரு மூடியை எடுத்துத் துணியில் முடிந்துகொண்டார்.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. தம்பித்துரை மூன்று கோல். மூன்றாவது தண்டனை உதை. அவரும் கோல் காவலரும் மட்டும் எதிரெதிரே நிற்க வேண்டியது. உதைக்கப் போகும்போது அவர் பள்ளிப் பையனைப் போலச் சிரித்துக்கொண்டே போனார் என்றும், சனமும் கூடவே சிரித்தது என்றும் எழுதியிருந்தார்கள். நீலப் பென்சில் தாளைக் கிழித்துவிடும்போல அழுத்திக் கோடு போட்டிருந்தது.

"நாளைக்குக் காலையில்," என்றேன்.

பெரட்டு

மறுநாள் மூடுபனி இடுப்பளவுக்கு நின்றது. கொம்பு ஊதி, ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சின்னத்துரை வந்தார். கழுத்திலிருந்து தலை உச்சி வரை ஒரு கம்பளித் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஒரு பக்கக் கன்னம் இன்னொரு பக்கத்தைப் போல இரண்டு மடங்கு.

கடைவாய்ப் பல். இரவெல்லாம் தூங்கவில்லை என்று சமையற்காரர் பிறகு சொன்னார். மூன்றல்ல, முப்பது கோல் போட்டாலும் கடைவாய்ப் பல்லுக்குள் ஒன்றும் போகாது.

"என்னங்க கிளாக்கரையா," என்று கங்காணி முணுமுணுத்தார். "மூணு கோலுக்கு மூஞ்சி இப்பிடியா இருக்கும்?"

"சந்தோஷத்தை அடக்கிக்கொள்கிறார்," என்றேன். கண்ணெதிரே தெரிவதைவிட அச்சில் வந்ததை நம்புகிற வியாதி எனக்கு இன்னும் குணமாகவில்லை. அங்கம்மாவுக்குத் தலையசைத்தேன்.

அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "தொரைங்களே, நம்ம முனியாண்டி..."

"இல்லே," என்றார் துரை. "போ."

கங்காணி பின்வாங்கினார். அங்கம்மா அசையவில்லை.

"போ," என்றார் துரை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"ஏ புள்ள, வந்துரு," என்று கங்காணி பல்லிடுக்கால் சொன்னார்.

அவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். பேச்சு தடையில்லாமல் வந்தது.

"தொரை, அவரு ஒங்களக் கேலி பண்ணலீங்க. பயம் வந்தா அவருக்குச் சிரிப்பு வந்துரும். தாலி கட்டயிலயும் சிரிச்சாரு. அவுங்க அய்யாவத் தூக்கிட்டுப் போகயில சிரிச்சு, எல்லார்கிட்டயும் அடி வாங்குனாரு. நீங்க விழுந்ததும் பயந்துட்டாரு சாமி. ஒங்க தம்பி மாதிரிதாங்க."

மற்றதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, 'தம்பி' புரிந்துவிட்டது. துரை என் பக்கம் திரும்பினார். "என் தம்பியைப் பற்றி என்ன சொல்கிறாள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மொழிபெயர்த்தேன். ஒரு பருவம் முழுவதும் அவருடைய பத்திரிகையை வாசலில் வைத்து ஊருக்கே வாசித்துக் காட்டியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அதோடு என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் குனிந்து வலது முழங்காலைத் தடவினார். மூடுபனி எங்கள் காலுக்கிடையில் நகர்ந்துகொண்டிருந்தது.

பிறகு என்னைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் முழங்கால் போன அன்றைக்கு மைதானத்திலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு வந்தது அவன்தான். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். நான் அவனை எத்தனையோ மாதம் மன்னிக்கவில்லை."

அதன்பிறகு அங்கம்மாவிடம் திரும்பினார். அவர் வாயிலிருந்து உத்தரவில்லாத ஒரு தமிழ் வாக்கியத்தை முதல்முறையாக அன்றுதான் கேட்டேன்.

"என் தம்பி பயம் வந்தா சிரிக்கிறான்," என்றார். சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே பல் குத்தியது. இரண்டு கைகளாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அப்புத்தளையில் இருந்தவனை அங்கிருந்தே கூப்பிட்டார்: "முனியாண்டி, வா."

பிறகு

அன்றைக்கே அப்புத்தளைப் பக்கம் போகிற ஒருவரிடம் சொல்லி அனுப்பினோம். முனியாண்டி வந்து சேர்ந்த பின்னரே பிள்ளை பிறந்தது. பெண். துரையின் பல்லைத் தோட்டத்து வைத்தியரான மருந்தையா பிடுங்கினார். பயந்தாலும் துரை சிரிக்கவில்லை; அந்த வழக்கம் தம்பிக்கு மட்டும்தான் போலும்.

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். தேங்காயிலும் தர்க்கத்திலும் கொஞ்சம் பிசகியிருக்கலாம். ஆனால் நான் வாசித்திராவிட்டால் அவளுக்கு அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்திருக்கும்? இந்த நினைப்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சில நாள் கழித்து லயத்தின் பின்பக்கமாகப் போனேன். முனியாண்டி அவரைக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தான். அங்கம்மா காம்பிரா வாசலில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

"முனியாண்டி, வெட்கப்படாதே. பயத்தில் சிரிப்பது ஒரு நரம்புக் கோளாறுதான். பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் இருக்கிறது," என்றேன்.

"பயமா? யாருக்குங்க?"

"உனக்குத்தான். தாலி கட்டும்போதுகூடச் சிரித்தாயாமே."

"அழுதேனுங்க," என்றான்.

நான் அங்கம்மாவைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் தலையில் எறும்பு தேடிக்கொண்டிருந்தாள்.

முனியாண்டி கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டு, லயத்தின் முன்பக்கம் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். பிறகு என் அருகில் வந்தான். அதற்குள் அவன் உதடு துடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அன்னைக்கு நீங்க பெரட்டுக்கு வரலீங்க, கிளாக்கரையா. தொரை விழுந்த விழுவ நீங்க பாத்திருக்கணும்."